கழுத்தை ஒப்படைக்க மல்லசமுத்திரம் வரை

1. சேலம் மாநகரில் குடியிருந்துவரும், நாராயணன் மகன், ஐம்பத்தாறு வயதுள்ள அருணாசலம் ஆகிய நான், சொத்து ஆவணங்களைச் சரிபார்த்துச் சட்டக் கருத்து எழுதித் தருவதைத் தொழிலாகக் கொண்ட வழக்கறிஞன். மருத்துவம் படித்தவன் அல்லன்.

2. கீழே வரும் தூரம், நேரம், கட்டணம் ஆகியவை அன்றே குறித்துவைத்தவை. உடல் பற்றிய செய்திகள் என் ஒருவனின் அனுபவம் மட்டுமே. பிறருக்கும் அவ்வாறே நேரும் என்று உறுதி கூற இயலாது.

3. என் மனைவி சாந்தி பயணம் முழுவதும் உடனிருந்தார்.

முதலில் காரணம். இந்தப் பயணத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன், நெடுஞ்சாலையில் ராசிபுரம் பிரிவுக்கு அருகே, நடுத்திட்டு இடைவெளி ஒன்றில் காரை வலப்புறம் திருப்பினேன். இடப்புறமிருந்து வந்த சரக்கு லாரி எங்கள் காரின் முன்பக்க மட்கார்டை உரசிக்கொண்டு நின்றது. சாந்தி அந்தப் பக்க இருக்கையில்தான் இருந்தார். எவருக்கும் காயம் இல்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். புகார் இல்லை, வழக்கும் இல்லை. மறுநாள் காலையிலிருந்து என் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பில் குறை ஒன்றும் தெரியவில்லை. தசை இறுக்கம் என்றார் மருத்துவர். பிசியோதெரபிக்குப் பத்து முறை சென்றேன். வலி பாதியாகக் குறைந்தது. கழுத்து அதே இடத்தில் நின்றது. கார் ஓட்டுவதை நிறுத்தினேன். சாப்பிடும்போது சாந்தி என் வலப்பக்கத்து நாற்காலிக்கு மாறிக்கொண்டார். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. கடைசியாக ஒரு முயற்சி செய்வது, அதுவும் பயனளிக்காவிட்டால் காரை விற்றுவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். லாரி உரிமையாளரான என் கட்சிக்காரர் ஒருவர் மல்லசமுத்திரத்தில் தங்கராசு என்பவரைச் சொன்னார். தங்கராசு பதினோரு ஆண்டுகள் போர்வெல் வண்டியில் வேலை பார்த்து, பிறகு கோவையில் ஓராண்டு முறையாக மசாஜ் பயின்றவர். அந்தச் சான்றிதழின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே நாள் குறித்தேன்.

தை மாதத்து ஞாயிறு, காலை 7.10க்கு வாடகைக் காரில் புறப்பட்டோம். ஓட்டுநர் மோகன். போய் வர, காத்திருப்பு உட்பட ரூ.1,800. பின்னிருக்கையில் நான் இடப்பக்கம், சாந்தி வலப்பக்கம். சில மாதங்களாக அதுவே எங்கள் ஏற்பாடு. கொண்டலாம்பட்டியைக் கடக்கும் வரை நெரிசல். ஆட்டையாம்பட்டியை 7.55க்கு அடைந்து காபி குடித்தோம். அதன்பின் சாலை குறுகியது, ஆனால் நன்றாக இருந்தது. இருபுறமும் மரவள்ளி, இடையிடையே கோழிப்பண்ணைக் கொட்டகைகள். வீடுகளுக்குள் ஞாயிற்றுக்கிழமையும் சில தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. 8.25க்கு மல்லசமுத்திரம். எங்கள் வாசலிலிருந்து மீட்டர்படி 33 கிலோமீட்டர்.

தங்கராசுவின் அறை வீட்டோடு ஒட்டியது, சுத்தமாக இருந்தது. அவருடைய மேசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் செய்யச் சொன்னதாம். ஆங்கிள் இரும்புச் சட்டம், ஓட்டுநர் இருக்கைக்குப் போடும் ரெக்சின். வருபவர்களில் பாதிக்கு மேல் லாரிக்காரர்கள் என்பதால், பழகிய இருக்கை போல இருக்கட்டும் என்று அப்படிச் செய்ததாகச் சொன்னார்.

நான் ஒன்பது கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவற்றில் ஏழு கேள்விகளை நான் கேட்கும் முன்பே அவர் என்னிடம் கேட்டுவிட்டார்: ரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய முறிவு, கையில் மரமரப்பு உண்டா என்பன. எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். வலித்தால் ‘போதும்’ என்றால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை என்றார். எண்ணெய் தேய்த்து நெட்டி முறிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, இடக்கையை இரு கைகளாலும் தாங்கி உயர்த்தினார்.

“கையை எங்கிட்ட உட்டுருங்க.”

விட்டாயிற்று என்றேன். அவர் மெதுவாகத் தம் கைகளை எடுத்துக்கொண்டார். என் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

கதவோரம் என் இடப்பக்கமாக நாற்காலியில் இருந்த சாந்தி சிரித்துவிட்டார்.

“இப்ப இதை யாரு புடிச்சிருக்கறாங்க?” என்று கேட்டார் தங்கராசு.

“அவரேதானுங்க,” என்றார் சாந்தி. “நாலு மாசமா.”

நான்கு முறை உயர்த்தி, நான்கு முறை விட்டார். ஐந்தாவது முறைதான் கை விழுந்தது. பிறகு என் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரு உள்ளங்கைகளையும் என் பிடரிக்குக் கீழே வைத்துத் தாங்கிக்கொண்டார். அழுத்தவில்லை, திருப்பவில்லை. “தலை நாலரை கிலோ இருக்குமுங்க. இப்ப எனக்கு ஒரு கிலோதான் குடுத்திருக்கறீங்க,” என்றார். சற்றுக் கழித்து, “ரெண்டு,” என்றார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் கடந்தபோது “மூணரை” வந்திருந்தது. பிறகு தலையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். வலப்பக்கம் தாராளமாகத் திரும்பியது. இடப்பக்கம் நகர்த்தியதும் நின்றுவிட்டது.

“வண்டி எந்தப் பக்கம் வந்துச்சுங்க?”

விபத்தைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை எப்படி அறிந்தார் என்று பிறகு கேட்டேன். லாரிக்காரர்கள் இப்படித்தான் ஒரு பக்கம் பூட்டிக்கொண்டு வருவார்கள் என்றார். அப்போது பதில் சொன்னவர் சாந்தி.

“என் பக்கம்.”

எதையும் ஒப்புக்கொள்ளாமலிருப்பது என் தொழிலில் முதல் பாடம். கட்சிக்காரர்களுக்கு முப்பது ஆண்டுகளாக அதைத்தான் சொல்லிவருகிறேன். லாரி உரசி நின்ற அந்தக் கணத்தில் நான் மனைவியிடம் சொன்ன முதல் வாக்கியமும் அதுவே: “யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே.” லாரி ஓட்டுநர் இறங்கி ஓடிவந்து, “அம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்களே?” என்றார். கேட்டவர் அவர். நான் கேட்கவில்லை.

மேசையில் படுத்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு, “நான் அன்னிக்கு அந்தப் பக்கம் பாக்கவே இல்லீங்க,” என்றேன். தங்கராசுவிடம் சொல்வது போலத்தான் சொன்னேன்.

 “தெரியும்,” என்றார் சாந்தி. “நான் பாத்துட்டுதான இருந்தேன்.”

தங்கராசு எதையும் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “நாலு கிலோ,” என்றார்.

மொத்தம் எழுபது நிமிடங்கள், கட்டணம் ரூ.700. எழுந்து உட்கார்ந்தபோது கழுத்து நாற்காலியின் விளிம்பு தெரியும் வரை திரும்பியது. நாற்காலியில் இருப்பவர் தெரியும் அளவுக்கு அல்ல. தங்கராசு வெந்நீர் கொடுத்தார், குடித்தேன்.

10.15க்குத் திரும்பப் புறப்பட்டோம். சாந்தி முந்திப்போய் இடப்பக்க இருக்கையில் ஏறிக்கொண்டார். நான் வலப்பக்கம் ஏறினேன். ஆட்டையாம்பட்டியில் மோகன் முறுக்கு வாங்க இறங்கினார். அப்போது நான் திரும்பினேன். தோளும் கொஞ்சம் சேர்ந்து திரும்பியது என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். சாந்தியின் முகம் முழுமையாகத் தெரிந்தது.

“அன்னிக்கு உனக்கு எங்கயாச்சும் பட்டுச்சா?”

“முட்டியில. டேஷ்போர்டுல இடிச்சுது. ஒரு வாரம் நீலமா இருந்துச்சுங்க.”

ஒரே வீட்டில் இருந்தும் அந்த நீலத்தை நான் பார்க்கவில்லை. மோகன் முறுக்குப் பையோடு வந்து, “சார் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கறாரே!” என்றார்.

மன இறுக்கம் உடலில் தேங்கி நிற்கிறது, தாங்கிப் பிடித்தால் கரைகிறது என்று பலர் சொல்கிறார்கள். அதற்கு என்னிடம் சான்று இல்லை. இரு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. தங்கராசுவின் கைகளா, நான் சொன்ன அந்த வாக்கியமா, நான்கு மாத காலமா என்று பிரித்துக் கூற என்னால் இயலவில்லை. மேலும் இரண்டு முறை சென்றுவந்தேன். மூன்றாம் முறை காரை நானே ஓட்டினேன். விற்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

செல்ல விரும்புவோருக்கு: முதலில் மருத்துவரைப் பாருங்கள், எக்ஸ்ரேயைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கையில் மரமரப்போ பலவீனமோ இருந்தால் இங்கே போகாதீர்கள், மருத்துவரிடமே திரும்பிச் செல்லுங்கள். காலை உணவு இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். முன்பதிவு இல்லாமல் போனால் லாரிக்காரர்களுக்குப் பின்னால்தான் இடம். பெண்களுக்கு தங்கராசுவின் மனைவி புதன்கிழமைகளில் செய்கிறார். அவரும் பயிற்சி பெற்றவர். முதல் முறை திரும்பும்போது நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். நடந்தது என்ன என்று அறிந்தவராக அவர் இருப்பது நல்லது.

மேற்கண்டவை யாவும் நான் அறிந்தவரை உண்மை எனப் படித்துப் பார்த்து ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) நா. அருணாசலம்

சாட்சிகள்:

1. மோகன், ஓட்டுநர். சார் திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன்.

2. அ. சாந்தி. படித்தேன், சரி. இடது முட்டி என்று சேர்த்துக்கொள்ளவும்.