மூன்றாம் ஓலையை நிறுத்தப் பார்த்த ஜெபச் சீட்டு

1. புதன்கிழமை

பூந்தமல்லியில் எங்கள் சபைக் கோயிலில் இருபத்திரண்டு வருஷம் ஊழியம் செய்தேன். மணி அடிப்பது, பாய் விரிப்பது, விளக்குத் துடைப்பது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஐயருக்கு ஜெபச் சீட்டு எழுதுவது எல்லாம் என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். எங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் கண்ணாடி போடாமலே என் சீட்டை வாசிப்பார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கர்த்தர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

யுத்த காலம் அது. ஒரு புதன்கிழமை காலை, வண்டிப் பட்டறை வைத்திருந்த சாலமோன் அண்ணன், கையில் பிடித்த உளியைக்கூட வைக்காமல் கோயிலுக்குள் வந்தார்.

"யோவ், வர்ற ஞாயித்துக்கெயம ஓலை வாசிக்கக் கூடாது. ஐயராண்ட சொல்லிடு."

ஓலை என்பது கலியாண அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். சாலமோன் அண்ணன் மகள் ரூத்துக்கும், எஸ்தரம்மாள் மகன் சாமுவேலுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. பந்தல்காரனுக்கும் சொல்லியாகிவிட்டது.

"இன்னாண்ணே ஆச்சு?"

"இன்னா ஆச்சா? போன ஞாயிறு நீயுந்தானே இருந்தே? மாப்பிள்ளையோட அப்பன் மனந்திரும்பணும்னு சபையே முட்டி போட்டு ஜெபம் பண்ணிச்சே! அந்தாளு அங்க இன்னாத்த பண்ணிகினு கீறானோ? அந்த ஊட்ல என் பொண்ண குடுக்கச் சொல்றியா?"

மாப்பிள்ளையின் தகப்பனார் யாக்கோபு பட்டாளத்தில் சமையல்காரர். வடக்கே எங்கேயோ முகாம். எஸ்தரம்மாள் கேட்டுக்கொண்டபடி அவர் பேரைச் சீட்டில் எழுதியிருந்தேன். "நம்முடைய சகோதரன் யாக்கோபு மனந்திரும்பும்படி ஜெபிப்போமாக" என்று ஐயர் வாசித்தார். சபை ஆமென் சொன்னது. சொல்லிவிட்டு வெளியே போய்க் காரணம் தேட ஆரம்பித்தது.

2. காரணங்கள்

திங்கட்கிழமை அது குடியாக இருந்தது. பட்டாளத்தில் ரம் கொடுக்கிறார்கள் அல்லவா. செவ்வாய்க்கிழமை ஒரு பஞ்சாபிக்காரி வந்து சேர்ந்தாள். புதன்கிழமை அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் யாக்கோபை உரித்து வைத்தாற்போல் இருக்கிறானாம். பூந்தமல்லியை விட்டு அம்பத்தூர் தாண்டாத ஒரு தாயார் அந்தப் பிள்ளையின் மூக்கைக்கூட விவரித்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. சபையில் சண்டை ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும் என்ற எண்ணம். வீடு வீடாகப் போய், "எல்லாத்துக்கும் பொறாமைதாங்க காரணம்" என்றேன். அடுத்த வீட்டில், "நாவுதாங்க காரணம்" என்றேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் காப்பி கொடுத்துப் புதுக்காரணம் ஒன்றைச் சொல்லி அனுப்பினார்கள். அதை அடுத்த வீடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோனேன்.

வியாழக்கிழமை ரூத் கோயில் வாசலுக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா, அப்பா சபைல எயுந்து தடைன்னு சொல்லிடும் போலக்கீது. அப்படி ஒரு தபா சொல்லிட்டா, அப்பால என்னை யாரு கட்டுவாங்க?"

மறுநாள் நேராக எஸ்தரம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, புருஷன் குத்தத்த ஊட்டோட வெச்சிக்கக் கூடாதா? சபைல எதுக்கு சொன்னே?"

முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னா குத்தம்? உன்னாண்ட நான் இன்னா சொன்னேன்? லீவு கெடச்சி, கலியாணத்துக்கு அந்தாளு நல்லபடியா திரும்பணும்னு சொன்னேன். திரும்பணும்! ஊட்டுக்கு! நீ இன்னா எயுதினே?"

நான் என்ன எழுதினேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோயில் பாஷையில் பழகிய கைக்கு, 'திரும்ப' என்று கேட்டால் போதும். 'மனம்' தானாக வந்து முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.

"ரயிலேறி வரணும்னு கேட்டா, எம்புருஷன ஞானஸ்நானத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிட்டியே, பாவி!" என்றாள் எஸ்தரம்மாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

3. ஞாயிற்றுக்கிழமை

ஐயரிடம் சொன்னேன். "வாசிக்கறப்போ எனக்கே ஆச்சரியமா இருந்துது. யாக்கோபா அப்படின்னு நெனச்சேன். ஆனா ஒருத்தரையும் கேக்கல" என்றார். தம் பங்கை அவ்வளவோடு ஒத்துக்கொண்டு, என் பங்கைச் சபையில் சொல்லச் சொன்னார்.

ஞாயிறு ஆராதனையில் எழுந்து சொன்னேன். பெண்கள் பாயிலிருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பொல்லாப்பு விலகியது என்று நானும் உட்காரப் போனேன். அப்போது சாலமோன் அண்ணன் எழுந்தார். ரூத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிய்யா. ஒரு சொல்ல நீ கூடுதலா எயுதிட்டே. அந்தப் பஞ்சாபிக்காரிய எயுதினது யாரு?"

சிரிப்பு நின்றுபோயிற்று. யாரும் நிமிரவில்லை. மூக்கை விவரித்த தாயார் ஜெபப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார். அண்ணன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஓலைய வாசிங்க ஐயரே" என்று உட்கார்ந்தார். ஐயர் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை ஒன்றும் எழும்பவில்லை.

யாக்கோபு கலியாணத்துக்கு முந்தின நாள் வந்து இறங்கினார். அப்படியும் மூன்று பேர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் உட்டுட்டியா நைனா?" என்று அன்போடு விசாரித்தார்கள்.

இப்போது கோயில் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சண்டைக்குக் காரணம் பெரியதாக இருக்கும் என்று தேடாதீர்கள். அது உங்கள் கையெழுத்திலேயே இருக்கலாம். அதற்குப் பின் நான் எந்தச் சீட்டையும், கொடுத்தவருக்கே வாசித்துக் காட்டாமல் ஐயரிடம் கொடுத்ததில்லை. அந்தப் பழக்கத்தில், அடுத்த வீட்டுச் சங்கதி சொல்ல வருகிறவர்களிடமும் பென்சிலை எடுத்து, "நீங்க சொன்னபடியே எழுதிக்கட்டுமா?" என்று கேட்பேன். ஜெபம் கேட்க வந்தவர்கள் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "ஐயையோ, எயுதிடாதே!"