நாலும் கொஞ்சமும்

கடையில் தராசு சரியாக நிற்கிறதா என்று சந்தேகம் வந்தால் அந்த ஊரில் எல்லோரும் ஒரே ஆளைத்தான் கூப்பிடுவார்கள். தராசுக்காரர் என்று சொன்னால் போதும், சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். மனிதர் வந்து உட்கார்ந்துவிட்டால் முள் மயிரிழை விலகியிருந்தாலும் விடமாட்டார். கடைக்காரர் கொடுத்த டீ பக்கத்திலேயே இருக்கும். தராசைச் சரிசெய்து, ஈய முத்திரை வைத்து அழுத்திய பிறகுதான் டீயைத் தொடுவார். அதற்குள் அது ஆறிப்போயிருக்கும். அதற்கு ஒரு சண்டை. முத்திரை வைத்ததை யாராவது திறந்துவிட்டால், அடுத்த வீட்டுப் பீரோவை உடைத்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு வண்டி கட்டினார்.

அவர் மனைவி பிறந்த வீடு மலைமேல். அவளுடைய அண்ணனும் சுற்றியுள்ள வீட்டுக்காரர்களும் மாடு வைத்துப் பிழைக்கிறவர்கள். மழையில் பாதை சரிந்ததிலிருந்து பால் வண்டி மேலே ஏறுவதை நிறுத்திவிட்டது. பாலை வாங்கிக் குளிரவைக்கும் நிலையத்தின் மேற்பார்வையாளர் கடைசியாக ஒரு வழி சொன்னார். யாராவது சொந்த வண்டியில் பாலைக் கீழே கொண்டுவரட்டும், ஒருநாள் ஓட்டிக் காட்டட்டும், சாயங்காலம் கதவு சாத்துவதற்குள் வந்துவிட்டால் தினமும் வாங்கிக்கொள்கிறோம், இல்லையென்றால் மலைப்பாலை மறந்துவிடுங்கள் என்றார். மாடுகளை விற்றுவிட வேண்டியதுதான் என்று அண்ணன் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தபோது, "எங்க வீட்டுக்காரர் வண்டி கொண்டுவருவார்" என்று அவள் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு வந்த பிறகுதான் வீட்டுக்காரரிடமே விஷயத்தைச் சொன்னாள்.

அவர் முதலில் கத்தினார். ஆனால் மறுநாளே ஒரு பழைய பிக்கப் வண்டி வாசலில் நின்றது. மேலே பார்க்க ராஜா மாதிரி இருக்கும், கீழே குனிந்தால் ஒன்றும் உருப்படியில்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனச் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸில் இரண்டு புதிதாகப் போட வேண்டும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் அந்தச் சேற்றுப் பாதையில் ஏற முடியும்.

வண்டிப் பட்டறைக்காரர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். பாறைமேல் ஏறப் பெரிய டயர் வேண்டும்; பெரிய டயர் போட்டால் இழுவை குறையும்; அதை ஈடுகட்ட ஆக்ஸிலுக்குள் இருக்கும் பற்சக்கரங்களின் கணக்கை மாற்ற வேண்டும். என்ஜினின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுவரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. கூடினால் இழுவை, குறைந்தால் வேகம்.

"எது வேணா எடுங்கண்ணே. ஆனா முன்னாடியும் பின்னாடியும் ஒரே கணக்கா இருக்கணும். அதை மட்டும் மறந்துடாதீங்க."

தராசுக்காரர் தலையாட்டினார். பிறகு பழைய இரும்புக் கடைகளுக்குப் போய் ஒவ்வொரு ஆக்ஸிலாக வீட்டுக்குக் கொண்டுவந்து, தன்னுடைய பெரிய தராசில் ஏற்றி எடை போட ஆரம்பித்தார். கனமானது உறுதியானது என்பது அவர் கட்சி. இலேசானதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் கனமானதைத் தேடிப் போவார். தராசு ஒருநாளும் அவரிடம் பொய் சொன்னதில்லை. பல்லைப் பற்றி அவர் அதனிடம் கேட்கவும் இல்லை.

வீட்டுக் கூடத்தில் நடக்க இடமில்லாமல் போயிற்று. வருகிறவர்கள் ஆக்ஸில்மேல் உட்கார்ந்து பேசினார்கள், எழுந்து போகும்போது சேலையிலும் வேட்டியிலும் கிரீஸைக் கொண்டுபோனார்கள். மனைவி வாய் திறக்கவில்லை. அண்ணன் வீட்டு மாடுகளைப் பார்க்க ஒரு வியாபாரி வந்து போனான் என்று சேதி வந்த அன்று மட்டும் கேட்டாள்:

"பொண்ணு பாக்கும்போதுகூட இவ்வளவு யோசிக்கலையே நீங்க?"

"அப்ப எடை போட விடலையே," என்றார் அவர்.

கடைசியில் தேர்வு முடிந்தது. பின்பக்கத்துக்கு ஒரு சரக்கு வேனுடைய ஆக்ஸில். முன்பக்கத்துக்கு ஒரு பழைய ஜீப்பினுடையது. ஜீப் ஆக்ஸிலின் மூடியில் கம்பி கோத்து ஈய முத்திரை வைத்திருந்தது, கலையாமல் அப்படியே. அதைப் பார்த்ததும் மனிதர் உருகிப்போனார். பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுத்து, திறந்து பல்லை எண்ணிவிடலாம் என்று குனிந்தபோது இவர் குறுக்கே கை வைத்தார்.

"சீல் வச்சது வச்சபடி இருக்கு. இதைப் போய் உடைக்க எப்படிய்யா மனசு வருது?"

"சீலுக்குள்ள எத்தனை பல்லுன்னு தெரிய வேணாமாண்ணே?"

வேண்டாம், கையாலேயே சுற்றி எண்ணிக்கொள்ளலாம் என்றார் இவர். சக்கரத்திலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டார்கள். சக்கரங்களை ஒரு சுற்று சுற்றியபோது ஜீப் ஆக்ஸிலில் ஷாஃப்ட் நாலு சுற்றும் கொஞ்சமும் போயிற்று. வேன் ஆக்ஸிலிலும் நாலும் கொஞ்சமும்.

"எந்தக் கொஞ்சம் எவ்வளவு கொஞ்சம்?" என்றார் பட்டறைக்காரர்.

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்யா. வண்டி என்ன நகைக்கடையா?"

ஊரில் அரிசிக்கடைக்காரர் ஒருவர் இதைச் சொல்லித்தான் இவரிடம் ஒருதடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பட்டறைக்காரர் நினைவுபடுத்தவில்லை. ஸ்பேனரைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டார்.

ஓட்டிக் காட்டும் நாளில் மனைவியும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வாக்குக் கொடுத்தது அவள்தானே. மலையடியில் கியருக்குப் பக்கத்திலிருந்த சின்னக் குச்சியை இழுத்து, முன்சக்கரங்களையும் சேர்த்து நாலையும் இழுக்க விட்டார். வண்டி ஏறியது பாருங்கள், சேறு, பள்ளம், உருண்ட கல், எதையும் மதிக்கவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றபோது மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. அண்ணன் கேன்களை ஏற்றிக்கொண்டே, "மாப்பிள்ளைகிட்ட இவ்வளவு வித்தை இருக்குன்னு தெரியாம போச்சு" என்றார். மாப்பிள்ளை தாடையைத் தடவிக்கொண்டார்.

இறக்கமும் ஒரு குறையில்லாமல் முடிந்தது. அடிவாரத்தில் தார் ரோடு. வழவழவென்று, ஒரு குழி இல்லாத ரோடு. வண்டிக்கு நோக்காடு வந்தது அங்கேதான்.

முதலில் முனகியது. பிறகு அடியிலிருந்து படார் படார் என்று சத்தம். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி திணறியது. சேற்றில் சக்கரங்கள் வழுக்கி வழுக்கி ஒன்றையொன்று அனுசரித்துப் போயிருந்தன. தாரில் வழுக்க இடமில்லை. முன்னால் போகும் கணக்கும் பின்னால் போகும் கணக்கும் வேறு வேறு என்பது அப்போதுதான் வெளியே வந்தது. முன்சக்கரத்தைப் பிரித்துவிடலாம் என்று குச்சியைத் தள்ளினார், இறுகிப்போய் அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். குச்சியின் குமிழ் மட்டும் கையோடு வந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வெயில் சாய்வதைப் பார்த்தாள், பிறகு பால் கேன்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓட்டுங்க," என்றாள்.

முனகிக்கொண்டே நகர்ந்தார்கள். எதிரே பஸ் ஒன்று வந்தது. அதற்கு வழிவிட இடப்பக்கச் சக்கரங்களை ரோட்டோரச் சேற்றில் இறக்கினார். சத்தம் நின்றுவிட்டது. பஸ் போனதும் மறுபடி தாரில் ஏற்றினார், மறுபடி படார்.

"இறக்குங்க," என்றாள் அவள்.

"எதை?"

"வண்டியைத்தான். ஓரத்துல இறக்குங்க. இறக்கியே ஓட்டுங்க."

"ஊரே பாக்கும்டி."

"பால் திரிஞ்சு எங்கண்ணன் மாட்டை வித்தாலும் ஊர் பாக்கும்."

அப்படித்தான் ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் கண்ணாடிபோல ரோடு கிடக்க, பாதி வண்டி ஓரச் சேற்றில், பாதி வண்டி ரோட்டில், கல்யாணத்துக்குப் போகிற நொண்டி மாதிரிச் சாய்ந்துகொண்டு. சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். ஒருவர் ரோடு இந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைக்கூடக் காட்டினார்.

நிலையத்துக் கதவை இழுத்துச் சாத்தும் நேரத்துக்குச் சரியாக உள்ளே நுழைந்தார்கள். மேற்பார்வையாளர் பாலைச் சோதித்தார், நன்றாக இருந்தது. நல்ல ரோட்டை விட்டு ஏன் ஓரத்தில் ஓட்டி வந்தீர்கள் என்று கேட்டார். மனைவி அசையாமல் சொன்னாள்: "அவருக்கு ரோடு ஒரு பொருட்டே இல்லைங்க."

மேற்பார்வையாளருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இப்படி ஓர் ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தோம், பாதையே இல்லாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன என்று உற்சாகமாகிவிட்டார். நாளையிலிருந்து தினமும் வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கேன்களை எடைமேடையில் ஏற்றச் சொன்னார்.

அங்கேதான் வந்தது அடுத்த கண்டம். தராசுக்காரர் கண் மேடையின் முள்ளில் விழுந்தது. கேன் ஏறுமுன்பே முள் பூஜ்யத்திலிருந்து ஒரு மயிரிழை தள்ளி நின்றது. தொண்டையைச் செருமினார். மூன்று தெருவுக்குக் கேட்கும்படி அவர் ஆரம்பிக்கும் விதம் மனைவிக்குத் தெரியாதா? ஆரம்பித்தால் நாளைக்கு வரச் சொன்ன மனிதரே போகச் சொல்லிவிடுவார் என்பதும் தெரியும். அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"என்ன, முள்ளு தள்ளி நிக்குதா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"முதல்ல நம்ம வண்டியில விட்ட கொஞ்சத்தைப் பிடிங்க. அப்புறம் இவங்களோடதைக் கேக்கலாம்."

அவர் வாயை மூடிக்கொண்டார். தராசைப் பார்த்து அவர் வாய் மூடியது அதுதான் முதல்தடவை.

வீட்டுக்குப் போகும் வழியில், தாரிலிருந்து பாதி இறங்கிய வண்டி நேரே பட்டறை வாசலில் போய் நின்றது. அவர் பட்டறைக்காரரின் பெட்டியிலிருந்து கத்தரிப்பானை எடுத்து, வண்டிக்கு அடியில் படுத்து, அந்த ஈய முத்திரையைத் தானே வெட்டினார். வெட்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.