அம்மா போட்ட சுடோகு

பிள்ளைகளா, ஐப்பசியிலிருந்து தினமும் காலையில் நம் குடும்பக் குழுவில் நீங்கள் பார்த்த மதிப்பெண்களில் பெரும்பாலானவை என்னுடையவை அல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். சம்பா நட்டு இருபது நாள் இருக்கும். காலையில் வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டு, வயல் நிறைவதற்குள் திரும்பிவிடலாம் என்று நன்னிலம் கடைத்தெருவுக்குப் போனேன். போன இடத்தில் மடை நினைவே வரவில்லை. சாயங்காலம் பக்கத்து வயல்காரர் வாசலில் வந்து நின்றார். நம் வயல் நிரம்பி வரப்பு உடைந்து, அவர் முதல்நாள் போட்ட யூரியா எல்லாம் தண்ணீரோடு போயிருந்தது.

"என்ன மாமா, உங்க வயலுக்கு வச்ச தண்ணியா, ஊருக்கே வச்ச தண்ணியா?" என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அந்த மாதத்தில் அது மூன்றாவது மறதி. "குத்தகைக்கு விட்டுருங்கப்பா, போதும்" என்று சின்னவனே, நீ சிங்கப்பூரிலிருந்து சொன்னாய். பெரியவளே, நீ சென்னையிலிருந்து வந்து, என் கைபேசியில் இந்த சுடோகு எண் கட்ட விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாய்.

"மூளை துருப்பிடிக்காம இருக்கும்ப்பா. தினம் ஒண்ணு போட்டு குரூப்ல அனுப்புங்க. தை வரைக்கும் பாப்போம். அப்பறம் குத்தகையப் பத்திப் பேசிக்கலாம்."

ஒன்பது நாள் நானேதான் போட்டேன். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். போட்ட எண்ணையே அதே வரிசையில் மறுபடி போடுவேன். பத்தாம் நாள் உங்கள் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அந்த மூலையில ஏழு வராதுங்க. மேல்வரிசையிலதான் இருக்கே."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கண்ணு இருக்கே."

கைபேசியை அவளிடம் கொடுத்தேன். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் முடித்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் போடுவாள், நான் அனுப்புவேன். சின்னவனே, நீ கட்டைவிரல் காட்டுவாய். எனக்கும் அது பிடித்திருந்தது, மறைக்கவில்லை. மார்கழிக் கடைசியில் பெரியவளே, நீ குழுவில் எழுதினாய்: அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, அடுத்த வருடமும் வயலை அப்பாவே பார்க்கட்டும்.

"என் மார்க்குல நீங்க பாஸ் பண்ணிட்டீங்க" என்றாள் அம்மா. "அப்ப வயலையும் நானே பாத்துக்கவா?"

இரண்டு பேரும் சிரித்தோம்.

அறுவடைக்குப் பிறகு கொஞ்சம் உளுந்து தெளித்திருந்தேன். நேற்று அதற்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கட்டத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "மடைய அடைச்சீங்களா?" என்றாள். அடைக்கவில்லை. ஓடிப்போய் அடைத்தேன். உளுந்தில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீரை வடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவள் கேட்காவிட்டால் பயிர் அழுகியிருக்கும்.

விளையாட்டைக் குறை சொல்லவில்லை. அம்மா அதில் நன்றாகத்தான் தேறியிருக்கிறாள். என் மூளை எப்படி இருக்கிறது என்பதற்கு மட்டும் உங்களிடம் கணக்கு இல்லை. குத்தகை விஷயத்தை இதை வைத்துக்கொண்டு முடிவு பண்ணுங்கள்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை அம்மாவிடம் கைபேசியை வாங்கிக்கொண்டு தனியாக வயலுக்குப் போனேன். நேற்றுத் தண்ணீர் வைக்காத மேல்வயல் உளுந்துக்கு மடையைத் திறந்துவிட்டு, வீட்டுக்கு வராமல் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து சுடோகுவை ஆரம்பித்தேன். ஒரு எண் போடுவேன், தண்ணீரைப் பார்ப்பேன். பாதிக் கட்டம் நிரம்புவதற்குள் தண்ணீர் கடைசி மூலையைத் தொட்டுவிட்டது. கைபேசியைத் துண்டில் வைத்துவிட்டு, மண்வெட்டியால் நாலு வெட்டு மண் எடுத்து மடையை அடைத்து மிதித்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பாதி காலியாக இருந்த கட்டத்தை அப்படியே படம் எடுத்துக் குழுவில் அனுப்பினேன்.