கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவே

எங்கள் அடுப்படியில் கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் உண்டு. காலி சிலிண்டரை அங்கேதான் வைப்போம். நாங்கள் கேமரா வாங்கின கதையை அந்த மூலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஏனென்றால் நான் அந்தக் கேமராவைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

என் வீட்டுக்காரர் பைக் ஷோரூம் வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷமாக எங்கள் குடும்பத்தை வீடியோ எடுத்துப் போடுகிறார். முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன வீடு, புருஷன், பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. இதை எந்த வேலையற்றவன் பார்ப்பான் என்று முதலில் சிரித்தேன். பார்க்கிறார்களே! வீட்டில் அடுப்பு எரிவதே அவர்களால்தான், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தக் கொடுமை தெரியாது. காலைக் காப்பியை நாங்கள் பதினோரு மணிக்குக் குடிப்போம், அப்போதுதான் ஜன்னலில் வெளிச்சம் சரியாக விழும். நேற்று பாதியில் நின்ற வீடியோ என்றால் இன்றைக்கும் நேற்றைய புடவையையே கட்ட வேண்டும். மீன் குழம்பை ஒரு வாய் வைத்து, கண்ணை விரித்து, "ஏங்க, சூப்பரா இருக்குங்க" என்று மூன்று தடவை சொல்வேன். சமைத்தவளே நான்தான்! மார்க்கெட்டுக்குப் போனால் மீன்காரம்மா கேட்கிறாள், "இன்னாக்கா, நேத்து வஞ்சிரத்துல புளி தூக்கலாப் போச்சா?" ஊருக்கே நான் அக்கா. என் வயதில் பாதி, என் வயதுக்கு இரண்டு மடங்கு, எல்லோருக்கும் அக்கா.

அடுப்படி வாசலில் ஸ்டாண்டு போட்டு போனை நிற்க வைப்பார். அடுப்பு தெரியும், தொட்டி தெரியும், மசாலா அலமாரி தெரியும். ஒரு நாள் தும்மல் வந்து அந்த மூலைக்கு ஒதுங்கினேன். அன்று சாயங்காலம் வீடியோவைப் பார்த்தவர், "எங்க போன நீ? ஆளையே காணோம்" என்றார். அப்போதுதான் தெரிந்துகொண்டேன், என் சொந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் இருக்கிறதென்று. அதற்கப்புறம் கொட்டாவி விட, கழுத்தைச் சொறிய, புருஷனை வாய்க்குள்ளேயே திட்ட, சில நாள் சும்மா அழ, எல்லாவற்றுக்கும் அங்கேதான் போவேன். இரண்டு நிமிஷம் போதும். வெளியே வந்து மறுபடி அக்காவாகிவிடுவேன்.

போன் சூடாகி நின்றுவிடுகிறது என்று அவர் கேமரா வாங்க முடிவு செய்தார். சின்னதாக, சட்டைப் பையில் போடுகிற மாதிரி, வீடியோவுக்கும் ஆகணும், சும்மா போட்டோ பிடிக்கவும் ஆகணும். ஒரு வாரம் முழுக்க சாப்பிடும்போதும் கேமரா பேச்சுதான். பிறகு நேரு வீதியில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனார்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது பார்க்கவே அழகாக இருந்தது. கைக்குள் அடங்கியது. திரை பக்கவாட்டில் திறந்து நம்மைப் பார்த்துத் திரும்பியது.

"வீடியோ போடுறவங்களுக்குன்னே வந்தது சார். லென்ஸ் நல்ல வைடு. வாசப்படியில வெச்சீங்கன்னா ரூம் மொத்தமும் வந்துடும். மூலை முடுக்கு ஒண்ணு விடாது."

எனக்கு என் மூலைதான் ஞாபகம் வந்தது.

"மொத்தமும்னா?" என்றேன்.

"மொத்தமும் மேடம். இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவரு வரைக்கும்."

சரிபார்க்காமல் விடுவேனா? எங்கள் அடுப்படி வாசலிலிருந்து அடுப்பு நாலு எட்டு. மூலை, அதிலிருந்து இடது பக்கம் இரண்டு எட்டு. கடைக்குள் அதே கணக்கில் நடந்து, பழைய லென்ஸுகள் வைத்திருந்த கண்ணாடி அலமாரியோரம் போய் நின்றேன். "தெரியுறேனா?" என்று கேட்டேன்.

"சூப்பரா தெரியுறீங்க மேடம்!"

பக்கத்தில் இன்னொரு கேமரா இருந்தது. கொஞ்சம் குண்டு. அது தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கிற ஜூம் கேமராவாம். அதில் பிடிக்கச் சொன்னேன். அதே இடத்தில் நின்றேன்.

"நீங்க வரல மேடம். கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நில்லுங்க."

தள்ளுவேனா நான்! "இதுவே நல்லாருக்கு" என்றேன்.

வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். ஒரே மூச்சில் அடுக்கினேன். "ஏங்க, பாப்பா ஸ்கூல் விழாவுல நம்மளுக்கு எப்பவும் கடைசி வரிசைதான். மேடையில ஆடுறப்ப தக்குனூண்டா தெரியுறா. போன தடவ எடுத்த போட்டோவுல நம்ம பொண்ணு எதுன்னே தெரியல. இதுல கிட்ட இழுத்துப் புடிக்கலாம்." கடைக்காரரும் தலையை ஆட்டினார். "அது பாயிண்டுதான் சார்." மகள் பேரைச் சொன்னால் அவர் உருகிவிடுவார், அது எனக்குத் தெரியும். குண்டுக் கேமராவோடு வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நல்லா வேணும் எனக்கு.

இரண்டு வாரம் அவர் கலங்கரை விளக்கம், கப்பல், பின் வீட்டுத் தண்ணீர் டேங்கில் உட்காரும் காக்கா என்று எல்லாவற்றையும் கிட்டே இழுத்துப் பார்த்தார். ஸ்கூல் விழாவில் பாப்பாவின் மூக்குத்தி வரைக்கும் தெரிந்தது. நான் சொன்னது சரி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், நல்ல மனுஷன்தான்.

பிறகு ஒரு மத்தியானம். அன்றைக்கு ஷூட்டிங்கே இல்லை, ஸ்டாண்டு மடங்கிக் கிடந்தது. பாப்பா பள்ளியிலிருந்து வந்தாள். முகம் வாடியிருந்தது. ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு, "என் செல்லம், பசிக்குதாடி?" என்றேன். அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அம்மா, இது வீடியோவா, நெஜமாவா?"

"நெஜம்டி" என்றேன். அதுவும் வீடியோவில் பேசுகிற குரலில்தான் வந்தது. அவளுக்குச் சோறு போட்டு உட்கார வைத்துவிட்டு மூலைக்குப் போனேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அவர் பின்பக்கம் மாடிப்படியில் நின்று கேமராவில் காக்காவைப் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் அடுப்படி ஜன்னல். ஜன்னலுக்குள் கிரைண்டர், கிரைண்டருக்குப் பின்னால் நான். வாசலிலிருந்து எப்படிப் பார்த்தாலும் தெரியாத இடம்தான். கொல்லைப்பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை.

சாயங்காலம் கேமராவைக் கொண்டுவந்து காட்டினார். என் முகம் திரை முழுக்க. கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது கூடத் தெரிந்தது.

"இன்னாம்மா, யாரு இன்னா சொன்னாங்க?" என்றார். நிஜமாகவே கவலைப்பட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு திரையையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "ஆனா நீ நடிக்காம இருக்கறப்ப எவ்ளோ நல்லாருக்க தெரியுமா?"

"அழிச்சுடுங்க."

"ஒரு தடவ போட்டுப் பாப்போம். நாளைக்குப் புடிக்கலன்னா எடுத்துடறேன்."

மறுநாள் எடுக்க முடியவில்லை. எங்கள் வீடியோ எதையும் அத்தனை பேர் பார்த்ததில்லை. அக்கா அழாதீங்க, அக்கா நாங்க இருக்கோம், அக்கா எங்கம்மாவும் இப்படித்தான் அடுப்படியில நிப்பாங்க. ஒரு வாரத்தில், அக்கா மறுபடி அந்த மூலைக்குப் போங்க என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் காலி சிலிண்டரைக் கொல்லைக்கு மாற்றினார். கிரைண்டரை ஒரு சாண் நகர்த்தினார். மூலைக்கு நேர் மேலே ஒரு எல்.இ.டி. லைட் மாட்டி, சுவிட்சை அடுப்படி வாசலிலேயே வைத்தார்.

நேற்று அவர் வெளியே போயிருந்தார். கேமராவும் அவரோடு போயிருந்தது. வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துப் பழக்கத்தில் அங்கே போய் நின்றேன். அழுகை தானாக வந்தது. எப்போது வந்தாளோ, பாப்பா பள்ளிப் பையோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பயப்படவில்லை. ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. எட்டி சுவிட்சின் மேல் விரலை வைத்தாள்.

"அம்மா, லைட்டு போடட்டுமா?"