தூக்குவாளிப் பால்

அருள்தாஸுக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தெரியவில்லை. பூந்தமல்லி கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வழக்கு நடத்தும் வக்கீல் ஜானகிராமனின் வாசலில் உட்கார்ந்துகொண்டு என்னைக் குடைந்தெடுத்தான்.

"பால் குட்சேன்னு சொல்லிடட்டா, அண்ணாத்தே?"

பட்டாபிராமில் அவன் வீடும் என் வீடும் ஒரே சுவர். அம்பத்தூரில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை செய்தான். அங்கே தினமும் ஆளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுப்பார்கள். குடித்தால் ஈயம் உடம்பில் தங்காதாம். முதலாளிக்கு அவ்வளவோடு கடமை முடிந்தது. எனக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறாம் வருஷம் வாக்கில் அவனுக்கு வயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. பிறகு வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது. பட்டறை டாக்டர், குடியால் வந்த கோளாறு என்றார். கிறிஸ்துமஸுக்குக்கூடக் குடிக்காதவன் அவன். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். முதலாளியின் வக்கீலோ ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார். கொடுத்த பாலைக் குடித்தாயா, இல்லையா?

அவன் குடித்ததே இல்லை. அங்கே பிள்ளை பெற்ற எவனும் குடிக்கமாட்டான். சோறு தின்ற தூக்குவாளியைக் கழுவி, அதில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோவான். அருள்தாஸின் பால் அவன் மகள் பேபிக்கு.

"குட்சேன்னா, அப்பால எப்படி சீக்கு வந்துச்சும்பான். குடிக்கலன்னா, தப்பு உன்னுதும்பான். நான் இன்னாதான் சொல்றது?"

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. "உள்ளதச் சொல்லிடு" என்றேன்.

உள்ளே போய் அவன் உள்ளதைச் சொன்னான். வக்கீல் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பால் ஈயத்தைத் தடுக்காதுய்யா. குடிச்சாலும் குடிக்காட்டியும் ஒண்ணுதான். இதுல கேஸ் கெடாது."

அருள்தாஸ் முகம் தெளிந்தது. அவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வேலை முடியற வரைக்கும் தூக்கு எங்க இருக்கும்?"

"உலை பக்கத்துல சார். மூடி தொலைஞ்சி போச்சி. தோள்ல போடற துண்டாலதான் மூடி வெப்பேன்."

அவர் பேனா நின்றது. "குழந்தை எப்படி இருக்கா?"

"வயித்து வலின்னு அழுதுகினே கீது சார். பூச்சிதான். மருந்து குடுத்துகினு கீறோம்."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. ரத்தத்தைப் பார்க்கணும்."

"கேஸு என்னுதுதானே சார்? அது சாட்சி சொல்லுமா?"

வக்கீல் பொறுமையாக விளக்கினார். உலைத் தூசு துண்டில் படியும், துண்டிலிருந்து பாலில் விழும், பால் குழந்தை வயிற்றுக்குள் போகும் என்றார். அருள்தாஸ் தலையை ஆட்டினான். ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னைக் கேட்டான், "பால்தானே, அண்ணாத்தே?" யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தெருமுனையில் அவன் மனைவி ஜெயசீலி மாட்டுக்காரரிடம் பால் வாங்கிக்கொண்டு வந்தாள், அதே தூக்குவாளியில். அருள்தாஸ் கையை நீட்டினான். மணிக்கட்டு தொங்கியது, பிடி கிடைக்கவில்லை. நான்தான் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன்.

"இன்னாண்ணே, நல்ல பாலக் கொட்றீங்க?" என்றாள் ஜெயசீலி.

"நல்ல பாலுதான்" என்றான் அருள்தாஸ். "நானும் அப்டி நெனச்சிதான் கொயந்தைக்குக் குடுத்தேன்."