எந்தக் கேமராவிலும் வராத நிறம்

கேமராக் கடையில் அவருக்கு ‘இருட்டு சார்’ என்று பட்டப்பெயர். எந்தக் கம்பெனி கேமரா வந்தாலும் படம் பதிகிற அதன் சென்சாரை இருட்டில்தான் சோதிப்பார். வெயிலில் எல்லாக் கேமராவும் நல்ல பிள்ளைதான், இருட்டில் புழுதி மாதிரி புள்ளி கிளம்பும்போதுதான் வண்டவாளம் தெரியும் என்பார். அவர் தலையசைத்தால்தான் வாங்க வந்தவர்கள் பணத்தை எடுப்பார்கள்.

சோதனைக்கு ஆள், மனைவிதான். சாயங்காலம் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை விளக்கை அணைத்துவிட்டு அவளை ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்த்துவார்.

“ஏங்க, ஒரு தடவையாவது சிரிக்கச் சொன்னா என்ன?”

“சிரிச்சா கன்னம் அசையும். சும்மா இரு.”

“வேற பொம்மையே கிடைக்கலியா உங்களுக்கு!” என்று அவள் சிரித்துவிடுவாள். அந்தப் படம் அசைந்துவிட்டதென்று அழித்துவிடுவார். மற்றவற்றிலும் காதோரம், கழுத்து நிழல் என்று வேண்டிய துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வார். முழுப்படம் இடத்தை அடைக்குமாம். பாவி மனிதர், அப்படித்தான் இருந்தார்.

ஒரு காய்ச்சலில் அவள் போய்விட்டாள். சுவரில் மாட்ட அம்மா படம் கேட்டாள் மகள். வீட்டிலேயே கேமராக்காரர் இருக்கிறாரே என்று வேறு யாரும் மனைவியைப் படமெடுத்திருக்கவில்லை. கல்யாணப் படத்தை எடுத்துக் கொடுத்தார்.

“இது யாரோ சின்னப் பொண்ணுப்பா. எனக்கு அம்மா வேணும்.”

வழக்கம்போல விளக்கை அணைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார். ஒரு கேமராவில் எடுத்த நெற்றி, இன்னொன்றின் கண், வேறொன்றின் கன்னம் என்று வெட்டி வைத்திருந்த துண்டுகளை ஒட்டினார். புள்ளி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு கம்பெனி கேமரா நெற்றியை மஞ்சளாக்கியிருந்தது, அடுத்தது கன்னத்தைச் சிவப்பாக்கியிருந்தது, தாடை வெளிறிக் கிடந்தது. நிறத்தை ஒன்றாக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. எந்த நிறத்துக்கு மாற்றுவது? மனிதத் தோல் எந்தக் கேமராவில் சரியாக வரும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு அது தெரியவில்லை.

மகளைக் கூப்பிட்டார். “அம்மா என்ன நிறத்துல இருந்தா?”

“என்னப்பா கேக்கறீங்க?”

“நான் ஸ்கிரீனைத்தாம்மா பாத்தேன். அவளைப் பாக்கல.”

 மகள் தன் முன்கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

“எனக்கு அம்மா நிறம்னு எல்லாரும் சொல்வாங்கப்பா. இதைப் பாத்துப் போடுங்க.”

அந்த அரையிருட்டில் அவருக்குக் கை சரியாகத் தெரியவில்லை. எழுந்துபோய் விளக்கைப் போட்டார். திரும்பி வந்து மகள் கையைப் பிடித்து, பார்த்துக்கொண்டே அழுதார்.