இரண்டு அங்குலம் குறைந்த வளையம்

வெல்டருக்குக் கண்ணும் பெயரும் சீக்கிரம் கெடும். என் கண்ணைக் கெடுத்தது வெல்டிங் நெருப்பு. பெயரைக் கெடுத்தது சேவியர் போர்மேன். எழுபதுகளில் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்டு தொழிற்சாலையில் இருவரும் வேலை பார்த்தோம். போர்மேனுக்குக் கீழே இருந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன்.

உள்ளா, வெளியா?

எங்கள் இன்ஜினீயர் ஐஸ்லாந்துக்காரர். ஆறரை அடி உயரம். கேம்ப் முழுக்க அவருக்கு 'ஐஸ் சார்' என்றுதான் பெயர். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மெஸ் வாசலில் சீட்டாடிக் கிடப்பதைப் பார்த்து, பாஸ்கெட்பால் டீம் ஒன்று ஆரம்பித்தார். பதினெட்டு அங்குல வளையம் வேண்டும் என்று சேவியரிடம் சொன்னார். சேவியர் என்னிடம் சொன்னார்.

எந்த வெல்டரும் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன்: பதினெட்டு உள்ளளவா, வெளியளவா? ஒரு அங்குலக் கம்பியை வளைத்தால் இரண்டுக்கும் நடுவே இரண்டு அங்குலம் வித்தியாசம் வரும். சேவியர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "வெளியளவுதான். கேள்வி கேக்காம வேலைய முடி, யல்லா, சீக்கிரம்."

மீன்காரர்கள் வாங்கிய கோப்பை

நன்றாக ஓடுவேன் என்பதால் ஐஸ் சார் என்னையும் டீமில் சேர்த்தார். இரண்டு மாதம் ஆடியும் பந்து வளையத்துக்குள் விழுவது அபூர்வம். எல்லோருக்கும் மனம் விட்டுப்போனது. ஒருநாள் ஐஸ் சார் எங்களை உட்காரவைத்து, இந்தியும் சைகையுமாகத் தன் ஊர் டீமின் கதையைச் சொன்னார்.

கடலோரத்துச் சின்ன ஊர். ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மீன்பிடிப் படகில் வேலை. புயலில் படகு திரும்பாவிட்டால் ஐந்து பேர் சேர மாட்டார்கள். வாத்தியாரையும் பாதிரியாரையும் கூட்டி வந்து ஆடுவார்கள். ஆடுவது பள்ளிக்கூடத்துக்குள். கூரை தாழ்வு, உயர எறிந்தால் பந்து இடிக்கும். அதனால் தாழ்வாகவே குறி பார்த்து எறியப் பழகினார்கள். பல வருஷம் கடைசி இடம்தான். பிறகு மேல் பிரிவுக்கு ஏறினார்கள். ஒரு வருஷம் தலைநகரத்துப் பெரிய டீமை அதன் அரங்கிலேயே தோற்கடித்து, நாட்டுக் கோப்பையை வாங்கிவிட்டார்கள். அன்று துறைமுகத்துப் படகெல்லாம் ஒன்றாகச் சங்கு ஊதினவாம்.

கீழக்கரையிலிருந்து வந்த எங்கள் சமையல்காரர் காதர் பாய் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பனிக்குள்ள கிடந்தே கப்பு வாங்கிட்டாங்க. நமக்கு என்ன, கை விறைக்குதா? எந்திரிங்கப்பா."

ஏணியும் டேப்பும்

துபாய் துறைமுக வேலையில் இருந்த பிலிப்பினோக்களோடு ஆட்டம் என்று முடிவானது. ஐஸ் சார் ஏணி போட்டு ஏறி வளையத்தை அளந்தார். உள்ளே பதினாறுதான் இருந்தது. சேவியரைக் கேட்டார். சேவியர் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கைகாட்டினார். தான் உள்ளளவு என்றுதான் சொன்னாராம். நான் அஞ்சாம் வகுப்பாம், அளவு தெரியாதாம். ஆட்டக்காரர் பட்டியல் அவரிடம் இருந்தது. அங்கேயே என் பெயரை அடித்தார். அளவு தெரியாத வெல்டர் என்று பேரானால் அடுத்த கான்ட்ராக்டுக்கு எவன் கூப்பிடுவான்?

உடனே வெட்டி மாற்றித் தருகிறேன் என்று நான் கட்டரை எடுத்தேன். ஐஸ் சார் ஏணி மேல் நின்றபடியே சிரித்தார்: "வேண்டாம். இது எங்கள் ஊர்க் கூரை மாதிரி. அப்படியே இருக்கட்டும்."

துபாயில்

தண்ணீர் கேன் தூக்குகிறவனாக நான் பஸ்ஸில் போனேன். பிலிப்பினோக்கள் ஓட்டத்தில் எங்களை ஊதித் தள்ளினார்கள். ஆனால் அங்கிருந்த பதினெட்டு அங்குல வளையம் எங்கள் ஆட்களுக்குக் கிணறு மாதிரி தெரிந்தது. எறிந்ததில் பாதிக்கு மேல் விழுந்தது. நடுவில் ஒருவனுக்குக் கால் பிசகியது. ஐஸ் சார் பட்டியலைப் பார்க்காமலே என்னைக் கூப்பிட்டார். நான் போட்டது ஒரே கூடை. ஆனால் ஜெயித்தோம்.

திரும்பும்போது சேவியர், சின்ன வளையத்தில் பழக்கியதே தன் யோசனைதான் என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்படியானால் வெளியளவு என்று சொன்னது நீங்கள்தானே என்று காதர் பாய் மெதுவாகக் கேட்டார். சேவியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்: "ஜெயிச்சாச்சுல்ல, கலாஸ், முடிஞ்சுபோச்சு. அத விடுங்க பாய்."

டீமில் இடம் கிடைத்தது, அடுத்த கான்ட்ராக்டும் கிடைத்தது, 'வெளியளவுன்னு நான்தான் சொன்னேன்' என்ற மூன்று வார்த்தை மட்டும் சேவியரிடமிருந்து இன்னும் வர வேண்டியிருக்கிறது. தூத்துக்குடியில் சௌக்கியமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார் என்று கேள்வி.